அவர் கடையில இருந்தாதான் என் மணி ஓடும்

...அட, குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? குடுக்க முடியாதுங்கறேன் சார்! மாத்திரை இதோ, எடுத்தாச்சு, எண்ணியாச்சு, கவர்லயும் போட்டாச்சு. ஆனா நான் இன்னும் பயிற்சியில இருக்கறவ. பார்மசிஸ்ட் ஒரு தடவ பார்த்துட்டு ‘ம்’னு சொன்னாதான் இந்தக் கவர் கவுன்டரத் தாண்டும். வெளிய போயிருக்கார், இப்ப வந்துடுவார். உட்காருங்க... ஐயோ, அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உட்காருங்க.

கோபப்படாதீங்க. உங்களுக்குப் போறது கொஞ்ச நேரம், எனக்குப் போறது பொழப்பு! படிச்சு முடிச்சாச்சு, பரீட்சையும் பாஸ். லைசென்ஸ் மட்டும் வரல. ஏன்னா, மருந்துக் கடையில இத்தன மணி நேரம் வேலை பார்த்திருக்கணுமாம். சரி, பாக்கறேன். ஆனா சும்மா பார்த்தா ஆகாது சார்! பார்மசிஸ்ட் கடைக்குள்ள இருக்கறப்ப பார்த்தாதான் கணக்கு. அவர் வாசப்படி தாண்டினா என் மணி நின்னுடும். இப்ப உங்ககிட்ட தொண்டத்தண்ணி வத்தப் பேசறேனே, இது எதுலயும் சேராது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில எனக்கு வேலை தயாரா இருக்கு. ‘லைசென்ஸோட வாம்மா, இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் எடத்த வெச்சிருப்போம்’னு அங்க ஆள் எடுக்கற மேடம் கறாரா சொல்லிட்டாங்க. எங்க மாமியாரோ, நான் சேர்ந்தாச்சுன்னு ஊரெல்லாம் தம்பட்டம்! நேத்து ஒரு சித்தி போன் பண்ணி, மூட்டு வலிக்கு அங்க எந்த டாக்டர் கைராசின்னு கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல?

எங்க பார்மசிஸ்ட் முன்னாடி இப்படி இல்ல சார். காலையில அந்த ஸ்டூல்ல உட்கார்ந்தா சாயங்காலம் நாமதான் எழுப்பி அனுப்பணும். தங்கமான மனுஷன். என் மணியும் ஜாம்ஜாம்னு ஓடுச்சு. இப்ப? காலையில ஒரு நடை, சாப்பிட்டதும் ஒரு நடை, வெயில் தாழ்ந்தா ஒரு நடை. கால்ல சக்கரம்தான்! வெள்ளை ஷூ வேற!

யாரு கிளப்பி விட்டதா? அது... வந்து... நான்தான் சார்.

சிரிக்காதீங்க! மருந்து குடுக்கறதோட, வர்றவங்களுக்கு பதமா எடுத்துச் சொல்லவும் பழகணும். யாரு நின்னு கேக்கறாங்க? நான் வாயத் தொறந்தா பையத் தூக்கிட்டு ஓடறாங்க. இவர்தான் பாவம், ‘என்னையே நோயாளின்னு வெச்சுக்கோம்மா, சொல்லு பாக்கலாம்’னார். அவருக்கும் உங்கள மாதிரி சர்க்கரை. விட்டேனா? ‘மாத்திரை பாதி வேலைதான் சார் செய்யும், மீதிய உங்க காலுதான் செய்யணும். சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்க. உங்க மக கல்யாணத்துல நீங்க ஓடியாடி நிக்க வேணாமா?’ன்னு உருகிட்டேன். மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மறுநாளே ஷூவோட வந்து நிக்கறார்! சர்க்கரை இறங்கிடுச்சு, தொப்பை இறங்கிடுச்சு. நான்தான் அம்போன்னு நிக்கறேன். நடக்காதீங்கன்னு எந்த வாயால சொல்றது? அந்த முகத்தப் பார்த்தா எனக்கே சந்தோஷமா இருக்கு, அதான் தொல்லை.

எதுக்கு எழுந்திரிக்கறீங்க? என்ன சார்... கண்ணத் தொடைக்கறீங்க? உங்க மகளுக்கும் கல்யாணம் பேசறாங்களா? அடடா, நல்ல சேதி... அதுக்காக இப்பவேவா? சார், மாத்திரை வாங்காமப் போறீங்களே! ஒரு சுத்து போயிட்டு வந்து வாங்கிக்கறீங்களா?

அப்பாடா, நடை முடிஞ்சு வந்துட்டீங்களா சார்! சீக்கிரம், அதோ போறாரே நீலச் சட்டை, அவரக் கூப்பிடுங்க! நான் சொன்னத முழுசா உட்கார்ந்து கேட்ட ஒரே ஆளு, கேட்டுட்டு நடக்கக் கிளம்பிட்டார். உங்க முன்னாடி இன்னொரு தடவ சொல்லிடறேன், கணக்குல சேரட்டும்... என்னது? புதுசா நடக்கறவர், தனியா விடக்கூடாதா? நீங்களும் கூடப் போறீங்களா? சார்... சார்!

சரி, போங்க. ரெண்டு பேரும் ஓரமா நடங்க, பின்னால வண்டி வருது!