பின்பாட்டு மட்டும்

— அண்ணி, கைய எடுங்க. இன்னும் எத்தன தரம்தான் அந்த ஆறாவது பாட்டையே கேப்பீங்க?

— ஒரு நிமிஷம் இரு, வாலு. இதோ, இந்த எடத்துல மூச்சு வாங்குறேன் பாரு. எருமை பெருமூச்சு விட்ட மாதிரி இருக்கு.

— இருந்துட்டுப் போகட்டும். பாடறவளுக்கு மூச்சு இருக்கத்தான் செய்யும். மூச்சே இல்லாம பாடினா ஆம்புலன்சுக்குத்தான் ஃபோன் போடணும்.

— மணி என்ன?

— நாலே முக்கால். அண்ணா ஸ்பீக்கர் ரிப்பேர் கடையிலேர்ந்து வர ஆறு ஆகும். செவ்வாய்க்கிழமைன்னா அந்தக் கடைய விட்டு நகர மாட்டாரு. படம் ஏத்தியாச்சு, பாட்டுங்க ஏத்தியாச்சு. இந்த பட்டன அழுத்தினா பத்து பாட்டும் உலகத்துக்குப் போயிடும்.

— உலகம் கிலகம்னு சொல்லாத.

— பின்ன யாருக்குப் பண்ணோம்? எட்டு மாசத்துக்கு மேல ஆச்சு அண்ணி. முப்பத்தாறு செவ்வாய்க்கிழமை. உங்க துணி அலமாரிக்குள்ள மைக்க வெச்சு, அதுக்குள்ள தலையையும் விட்டு, ஃபேன நிறுத்திட்டு வேர்வையில குளிச்சிருக்கோம். இப்பல்லாம் அந்துருண்டை வாசம் வந்தாலே எனக்கு சுருதி பிடிக்கத் தோணுது.

— யாரு கேப்பான்னு சொல்லு. வார்த்தையே கிடையாது. வெறும் ஆ, ஊ, ம்ம். முன்னாடி பாடறதுக்கு ஆளே இல்லாம பின்பாட்டு மட்டும். இத ஒருத்தன் உக்காந்து கேப்பானா?

— நான் கேப்பேன். குழுவுல உங்க பக்கத்துல கீபோர்டு வாசிக்கறவ நான். அண்ணா முன்னாடி நின்னு பாடி ஊரக் கூட்டுவாரு. எனக்கு காதுல விழறது நீங்கதான். பதினோரு வருஷமா பின்னாடி நின்னு அடுத்தவங்க பாட்டுக்கு ஆ போட்டீங்க. இது நீங்களே கட்டினது. அதான் வித்தியாசம்.

— மேல் வீட்டு டீச்சர் அப்படி நினைக்கல. போன வாரம் என் கையப் பிடிச்சுக்கிட்டு, எந்தச் சண்டையா இருந்தாலும் உள்ள வெச்சுப் பேசித் தீத்துக்கோங்கம்மான்னு சொல்றாங்க. நான் பாடறது அவங்களுக்கு அழற மாதிரி கேட்டிருக்கு.

— ஐயோ! நீங்க என்ன சொன்னீங்க?

— என்னத்த சொல்றது. சரிங்க டீச்சர்னு தலைய ஆட்டிட்டு வந்தேன். பாவம், கண்ணு கலங்கிடுச்சு அவங்களுக்கு.

— இத அப்படியே பின்னட்டையில போட்டுடலாம். கேட்டவர் கண்கலங்கினார்னு.

— சிரிக்காத. எனக்கே சந்தேகமா இருக்கு.

— சந்தேகம் உங்க கூடவே பொறந்தது, அத விடுங்க. ஞாயித்துக்கிழமை நான் கப்பல் ஏறிடுவேன். அங்க ரெண்டு வருஷம், தெனமும் சாப்பாட்டு நேரத்துல, யாருமே கவனிக்காத கீபோர்டு வாசிக்கப் போறேன். அதுக்குள்ள இது வெளிய வரணும். அப்பறம் திரும்பி வந்து ரெண்டாவது ஆல்பம்.

— ரெண்டாவது எல்லாம் கிடையாது. ஒண்ணு போதும். ரெண்டாவது பண்ணா அது தொழில் ஆயிடும். எனக்கு ஏற்கனவே ஒரு தொழில் இருக்கு.

— சரி, ஒண்ணே ஒண்ணு. ஆனா பேரு? வெறும் அலமாரின்னு போட்டிருக்கீங்க. பாடினவங்க பேர போட மாட்டேங்கறீங்க.

— அலமாரிதான் குழுவோட பேரு.

— குழுவுக்குள்ள ஆள் இருக்காங்கல்ல?

— வாலு, போஸ்டர்ல உங்க அண்ணா பேரு எவ்வளவு பெருசா இருக்கும்? அதுக்குக் கீழ ஒரு ஓரத்துல, மற்றும் குழுவினர். அந்த மற்றும் நான்தான். பழகிடுச்சு. திடீர்னு பேர போட்டா மேல சட்டை இல்லாம தெருவுல நிக்கற மாதிரி இருக்கும்.

— அண்ணாகிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்.

— என்னன்னு சொல்லுவேன்? அன்னிக்கு நீயும்தானே இருந்த. நாலு வருஷம் முன்னாடி, ஒத்திகைக்கு அவர் வர லேட்டாச்சு. சும்மா இருக்கோமேன்னு நான் மட்டும் என் பங்க பாடிப் பாத்தேன். கதவத் தொறந்துக்கிட்டு வந்தாரு. நின்னு கேட்டாரு. அப்பறம் என்ன சொன்னாரு?

— ஞாபகம் இருக்கு. விடுங்க.

— வீடே கட்டாம படிக்கட்டு மட்டும் கட்டின மாதிரி இருக்குன்னாரு. தபேலாக்காரர் சிரிச்சாரு, கிட்டார் சிரிச்சான். நானும்தான் சிரிச்சேன். அதுதான் கொடுமை. நல்லா வாய் விட்டு சிரிச்சேன். ராத்திரி படுத்தப்பறம்தான் வலிச்சுது.

— அண்ணா வெளையாட்டுக்கு சொன்னது.

— தெரியும். அவர் கோவப்பட்டா நான் சமாளிச்சிடுவேன், வாலு. கத்தினா திருப்பிக் கத்துவேன். இத கேட்டுட்டு மறுபடியும் அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சாருன்னா எனக்கு அப்பறம் மேடையில அவர் பின்னாடி நிக்க முடியாது. அவ்வளவுதான்.

— அதுக்குத்தான் அஞ்சாவது பாட்டுக்கு அந்தப் பேரு வெச்சீங்களா? வீடில்லாத படிக்கட்டுன்னு?

— பின்ன? திட்டினத வீணாக்கக் கூடாதுல்ல.

— இருங்க, தண்ணி குடிச்சுட்டு வரேன். ஜில்லுனு ஏதாவது... அண்ணி! இன்னிக்கும்!

— என்ன?

— ஃப்ரிட்ஜ். கீழ தண்ணி குளம் கட்டி நிக்குது. உள்ள லைட்டும் எரியல.

— செவ்வாய்க்கிழமை ஆச்சே. துணியப் போட்டு விடு. சாயங்காலம் அதுவா சரியாயிடும்.

— மெக்கானிக் என்னதான் சொன்னாரு?

— ரெண்டு தரம் வந்தாரு. ஒரு தரம் புதன்கிழமை, ஒரு தரம் வெள்ளிக்கிழமை. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, உங்க ஃப்ரிட்ஜுக்கு ஒரு நோயும் இல்லம்மா, நீங்கதான் எங்கயாவது காட்டிக்கணும்கற மாதிரி என்னைப் பாத்தாரு.

— நமக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு. மொதல் பாட்டுல கேட்டீங்கல்ல, சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஊஊன்னு உறுமறத. எத்தன வடிகட்டினாலும் போகல. ரெண்டாவது செவ்வாய்க்கிழமைலேர்ந்து அதுவே படுத்துடுச்சு. மீதி ஒன்பது பாட்டும் கண்ணாடி மாதிரி.

— அதனாலதானே நன்றியில அதையும் சேத்தேன்.

— என்னது? படிங்க, படிங்க.

— கேலி பண்ணாத. கீபோர்டு, ஒலிப்பதிவு, நாத்தனார். பாடியது, அலமாரி. நன்றி, அந்துருண்டைக்கு, நாங்கள் பாடும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்ட எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு.

— பிரமாதம். ஃப்ரிட்ஜுக்கு இருக்கற மரியாதை உங்க பேருக்கு இல்ல. சரி, வாங்க. நான் அழுத்தவா, நீங்க அழுத்தறீங்களா?

— ஒரு நிமிஷம் இரு.

— அண்ணி.

— தள்ளு. நானே அழுத்தறேன்.

— ஆஹா!

— அழுத்திட்டேன். அவ்வளவுதானா? ஒண்ணுமே ஆகலையே.

— வாணவேடிக்கையா வரும்? இந்தப் பச்சைக் கோடு முழுசா ஓடணும்... ஓடிடுச்சு. வந்துடுச்சு அண்ணி! கட்டிப் பிடிச்சுக்கோங்க!

— ஐயோ, மூச்சு முட்டுது, விடு. யாராவது கேட்டா தெரியுமா?

— இதோ இங்க எண்ணிக்கை காட்டும். இப்ப சைபர்தான் இருக்கும். யாருக்கும் சொல்லவே... நாப்பத்திரண்டா?

— என்ன நாப்பத்திரண்டு?

— நாப்பத்தாறு. அண்ணி, நான் ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே.

— என்ன பண்ண?

— அலமாரிக்குன்னு புதுசா ஒரு கணக்கு தொறந்தேன்ல? அதுல ஏத்தல. காலையில நிகழ்ச்சிப் படம் போடறதுக்கு நம்ம குழுவோட கணக்குக்குள்ள போனேன். அதுலேர்ந்து வெளிய வரவே இல்ல. அண்ணா ஆரஞ்சு கோட்டுல கைய விரிச்சுக்கிட்டு நிக்கற படத்துக்குக் கீழ நம்ம ஆல்பம் தொங்குது.

— குழு பக்கத்துலயா?

— அறுநூத்திச் சொச்சம் பேருக்கு தகவல் போயிருக்கு. நம்மள நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டவங்க எல்லாருக்கும். அண்ணா ஃபோனுக்கும்.

— நீயெல்லாம் கப்பல்ல போயி, அத எந்தப் பாறையில முட்டப் போறியோ.

— ஒருத்தர் எழுதிட்டாரு. ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டாரே, அந்த பேங்க் மேனேஜர். பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு கேக்கறாரு.

— பாத்தியா. நான்தான் சொன்னேனே.

— இருங்க, இன்னொண்ணு. பல் டாக்டரம்மா. இத கிளினிக்ல போட்டிருக்கேன், உள்ள வர பயந்துக்கிட்டிருந்த ஒரு ஆள் தூங்கிட்டாருன்னு எழுதியிருக்காங்க.

— அது பாராட்டா?

— பல் ஆஸ்பத்திரியில தூங்கறதுன்னா அதவிட என்ன வேணும்? அண்ணி, இப்பவும் எடுத்துடலாம். ஒரு அழுத்து அழுத்தினா போயிடும். அண்ணா பாக்கலன்னா அப்பறம் நம்ம கணக்குல போடலாம். எடுத்துடவா?

— யோசிக்கறேன்.

— யோசிக்க நேரமில்ல.

— எடுக்காத.

— நிஜமாவா?

— எடுத்தா மறுபடியும் போட எனக்கு தைரியம் வராது. ஏதோ தப்பு நடந்து நான் முன்னாடி வந்து நின்னுட்டேன். திரும்பிப் பின்னாடி போகத் தோணல. என் பேரையும் போட்டுடு.

— அண்ணி!

— சீக்கிரம் போடு, மனசு மாறறதுக்குள்ள. முழுப் பேரு. கொட்டை எழுத்துல.

— போட்டாச்சு. அண்ணி, கேக்குதா? வாசல்ல. படிக்கட்டுல யாரோ நம்ம பாட்ட வெச்சிருக்காங்க.

— ஃபோன்ல கேக்கற மாதிரி இருக்கு. வரவர பக்கத்துல வருதே.

— அண்ணா? என்னண்ணா, அதுக்குள்ள வந்துட்ட? கடையிலேர்ந்து வரவே அரை மணி ஆகுமே!

— ஏன், என் வீட்டுக்கு நான் வர நேரம் குறிச்சிருக்கீங்களா? அதாவது, பேங்க் மேனேஜர் எனக்கு ஃபோன் பண்ணி, தம்பி உங்க தொண்டைக்கு என்ன ஆச்சு, பாட்டுல உங்களக் காணோமேன்னு விசாரிக்கறாரு. நான் என்ன பதில் சொல்லட்டும்?

— எல்லாம் என் தப்புண்ணா. கணக்கு மாறிடுச்சு.

— நீ சும்மா இரு, வாலு. தப்பு ஒண்ணும் இல்ல. என்னங்க, அது நான் பாடினது. எட்டு மாசமா பாடினேன். உங்ககிட்ட சொல்லல. சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சுடுங்க. மேடையில வெச்சு வேணாம்.

— சிரிக்கவா?

— வீடில்லாத படிக்கட்டுதான். எனக்குத் தெரியும்.

— அஞ்சாவது பாட்டுக்கு அந்தப் பேருதான் வெச்சிருக்க. இப்பதான் கவனிச்சேன். ஆக, நாலு வருஷமா அத மனசுல வெச்சிருந்திருக்க.

— பின்ன எங்க வெக்கறது, அலமாரியிலயா?

— அன்னிக்கு நான் ஏன் சிரிச்சேன்னு கேளு.

— கேட்டா சொல்லுவீங்களா?

— கதவத் தொறந்தேன். நீ மட்டும் பாடிட்டிருந்த. முன்னாடி நான் இல்ல. ஆனா பாட்டுல ஒரு கொறையும் தெரியல. அப்ப இவளுக்கு முன்னாடி நான் எதுக்கு நிக்கறேன்? அத யாரும் கேட்டுடறதுக்குள்ள சிரிச்சு வெச்சேன். தப்புதான்.

— இத சொல்ல நாலு வருஷமா?

— நீ பாட எட்டு மாசம் எடுத்துக்கல?

— அண்ணா, அப்ப பாட்டு புடிச்சிருக்கா? சுத்தி வளைக்காம சொல்லு.

— புடிச்சிருக்கு. ஒரே ஒரு கொற. மொதல் பாட்டுல ஃப்ரிட்ஜ் உறுமுது.

— அது மட்டும்தாண்ணா! மத்த ஒன்பதுலயும் இல்ல, கேட்டுப் பாரு.

— கேக்கவே வேணாம், தெரியும். ஆனா அந்த நன்றிய மட்டும் என்னால பொறுத்துக்க முடியல. வாயை மூடிக்கொண்ட ஃப்ரிட்ஜுக்கா? ஃப்ரிட்ஜுக்கு என்ன தெரியும்?

— ஒரு நிமிஷம் இருங்க. கையில என்ன அது, வெள்ளையா?

— ஓ, இதுவா. கீழ மீட்டர் பெட்டியில திரும்பச் சொருக மறந்துட்டு ஓடி வந்துட்டேன். வாலு, அந்த ஃப்ரிட்ஜ எடுத்துட்டு, மற்றும் குழுவினர்னு போடு. முப்பத்தஞ்சு செவ்வாய்க்கிழமையா சமையக்கட்டு ஃபியூஸ் கட்டையக் கையில பிடிச்சுக்கிட்டு படிக்கட்டுல உக்காந்திருந்தது நான்தான்.