மூன்று மூட்டை ரோமம்

— தறிக்கு யாராவது மண்ணெண்ணெய் போடுவாங்களாக்கா?

— துரு பிடிச்சிருக்கு, துடைக்கலாம்னு கொண்டுவந்தேன். இந்தா பாரு நர்ஸு, சனிக்கிழமைக் கூட்டம் மூணு மணிக்கு. இப்ப மணி எட்டுகூட ஆகல. யூனிஃபாரத்தோட வந்து நிக்கிறே?

— மரத்தறியில துரு எங்கேர்ந்து வரும்?

— வந்ததும் வராததுமா போலீஸ்காரி மாதிரி கேக்காதே. உட்காரு. ஃபிளாஸ்க்ல டீ இருக்கு.

— உட்கார மாட்டேன். இங்க எதையும் தொடவும் மாட்டேன். நீங்களும் அந்தக் கம்பளிய விட்டுத் தள்ளி வாங்க.

— அம்மாடி! இருபத்திரெண்டு பேர் ஆளுக்கு ஒரு முழம்னு உட்கார்ந்து நெய்யிறது. நம்ம நெசவு சங்கத்து வெள்ளிவிழாக் கம்பளி. அத என்னமோ பாம்பப் பாக்குற மாதிரி பாக்குறே.

— நம்ம சங்கத்துச் சாயக்காரம்மாவோட ரத்த ரிசல்ட் விடிகாலையில வந்துச்சு.

— அவதான் வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்துட்டாளே. இனிமே ரிசல்ட் வந்தா என்ன, வராட்டி என்ன?

— அது வெறும் நிமோனியா இல்லக்கா. ஆந்த்ராக்ஸ், அடைப்பான்.

— அடைப்பானா? அது ஆட்டுக்குல்ல வரும்?

— ஆட்டுக்கு வரும். அந்த ஆட்டோட ரோமத்தத் தொடுற மனுஷங்களுக்கும் வரும். கிருமி ரோமத்துலயே வருஷக்கணக்கா செத்துப்போகாம கெடக்கும். தூசியா மூச்சுல போனா நுரையீரல். தோல்ல ஏதாவது கீறல் வழியா போனா புண்ணு. கறுத்துப்போயி, வலியே இல்லாம. ஏன்கா, கையப் பின்னாடி கட்டிக்கிட்டீங்க?

— சும்மாதான்.

— காட்டுங்க.

— பூச்சிக்கடி. அதெல்லாம் ஒண்ணுமில்ல.

— வலிக்குதா?

— இல்ல. அதான் சொல்றேனே, சின்னப் பூச்சி.

— நடுவுல கறுப்பா பொருக்கு கட்டியிருக்கு. சுத்தி வீங்கியிருக்கு. எத்தனை நாளா?

— நாலு நாள். முன்னாடி மூட்டையோட சணல் கட்ட அவுத்தப்ப கிழிச்சிருந்துச்சு, அதே எடம்.

— சரியா சொல்லுங்கக்கா. அந்த மூட்டையெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?

— எப்பவும் தர்ற வியாபாரிதான்.

— அவர எழுப்பிக் கேட்டுட்டுத்தான் வர்றேன். இந்த வருஷம் உங்களுக்கு ஒரு பிடி ரோமம்கூட குடுக்கலைங்கிறார்.

— ஓஹோ! என்னைப் பத்தி ஊரெல்லாம் விசாரிச்சுட்டுத்தான் படியேறி வந்திருக்கே.

— பத்து மணிக்கு சுகாதார ஆபீசர் வர்றார். நீங்க செயலாளர், உங்களத்தான் முதல்ல கேப்பார். அதுக்கு முன்னாடி உங்க வாயாலயே சொல்லிடட்டும்னு ஓடி வந்தேன்.

— வரட்டும். அவர் வர்றப்ப இங்க எதுவும் இருக்காது.

— அதுக்குத்தான் மண்ணெண்ணெயா? கொளுத்தினா தூசியெல்லாம் கிளம்பும்கா. கீழ ஜனங்க பஸ்ஸுக்கு நிக்கிறாங்க. குடுங்க அந்த கேன.

— விடு. விடுன்னா விடு! அவனுக்கு மூணு பிள்ளைங்க.

— எவனுக்கு?

— ஒண்ணுமில்ல.

— ஆட்டுப்பண்ணை வெச்சிருக்காரே, உங்க தம்பி. அவருக்கா?

— ஒரே வாரத்துல நாப்பது ஆடு. காலையில மேயப் போனது சாயங்காலம் மூக்குல ரத்தம் வடிய விழுந்துச்சாம். சுண்ணாம்பு போட்டு ஆழமா புதைக்கச் சொன்னாங்களாம். புதைச்சான். அதுக்கு முன்னாடி ரோமத்த மட்டும் கத்திரிச்சு வெச்சுக்கிட்டான். இதுவும் மண்ணுக்கா போகணும்னு ஃபோன்ல குழந்தை மாதிரி அழுதான். இங்க கொண்டுவாடா, நான் பாத்துக்கிறேன்னு சொன்னது நான்தான்.

— ஆடு எப்படிச் செத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்.

— செத்தது தெரியும். ரோமத்துல ஒட்டிக்கிட்டு வரும்னு சத்தியமா தெரியாது. சாயக்காரம்மா இரும ஆரம்பிச்சப்பதான் சந்தேகமே வந்துச்சு.

— அன்னிக்கே வாயத் திறந்திருந்தா...

— சொல்லாதே. அந்த ஒண்ண மட்டும் சொல்லாதே நர்ஸு. மூணு மூட்டையும் அவதான் அலசுனா. என்ன சட்டாம்பிள்ளை, இவ்வளவு அழுக்கு ரோமத்த எங்க பிடிச்சேன்னு கேட்டா. சிரிச்சு மழுப்பிட்டேன்.

— முதல் மூட்டையச் சிக்கெடுத்த அன்னிக்கு நானும் இருந்தேன். சாரல் அடிக்குதுன்னு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தோம்.

— குட்டை டீச்சர் தும்மிக்கிட்டே இருந்தா. நாம எண்ணிக்கிட்டே சிரிச்சோம். பதினொண்ணு.

— டீச்சருக்கு நேத்து சாயங்காலத்துலேர்ந்து காய்ச்சல்.

— ஐயோ.

— மாத்திரை இருக்குக்கா. இன்னிக்கே ஆரம்பிச்சா காப்பாத்தலாம். நான் போட்டுட்டுத்தான் வந்தேன், உங்களுக்கும் கொண்டுவந்திருக்கேன். ஆனா ரோமம் எங்கெங்க போச்சு, யார் யார் கை பட்டுச்சு, அது ஒண்ணு விடாம தெரியணும்.

— தம்பிய உள்ள தூக்கி வெச்சுருவாங்களே.

— முதல்ல அவர் உயிரோட இருக்கணும்ல? கத்திரிச்சது அவர் கை.

— நேத்துலேர்ந்து ஃபோன எடுக்க மாட்டேங்கிறான். பத்து தடவை அடிச்சுட்டேன். அவன் பொண்டாட்டியும் எடுக்கல.

— எனக்கு நம்பரச் சொல்லுங்க. அங்க இருக்கிற ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்பவே ஆள் அனுப்பச் சொல்றேன். அழாதீங்க. கையால கண்ணத் துடைக்காதீங்கக்கா! அந்தக் கையால வேணாம்.

— சரி. சரி. கேளு. சொல்றேன்.

— மொத்தம் மூணு மூட்டைதானே?

— மூணு.

— முதல் மூட்டை?

— முழுக்க இந்தக் கம்பளியில இருக்கு.

— ரெண்டாவது?

— பாதி நூத்தாச்சு. நூல்கண்டெல்லாம் அந்த அலமாரியில. மீதி அதோ, மூலையில.

— யாரும் வீட்டுக்கு ஒரு கண்டுகூட எடுத்துட்டுப் போகலையே?

— அந்த விஷயத்துல நான் எவ்வளவு கண்டிப்புன்னு உனக்கே தெரியும். அதுக்குத்தானே சட்டாம்பிள்ளைன்னு பேரே வெச்சீங்க.

— அப்பாடா. அது போதும். கதவப் பூட்டிட்டு, கூட்டம் கிடையாதுன்னு எல்லாருக்கும் ஃபோன் பண்ணிடலாம். மூணாவது மூட்டை எங்க?

— அது நூக்க ஆகல. ஒரே குட்டை ரோமம், முறுக்கு நிக்கல.

— சரி, அப்ப அத எங்க வெச்சிருக்கீங்க?

— நர்ஸு, நீ கொஞ்சம் உட்காரேன்.

— உட்கார மாட்டேன்னு சொன்னேன்ல. குப்பையில போட்டுட்டீங்களா? யார் எடுத்துட்டுப் போனா?

— நீதான்.

— நானா? நான் எதையும் எடுக்கலியே.

— போன சனிக்கிழமை டியூட்டின்னு நீ வரல. நாங்க எல்லாரும் அன்னிக்கு முழுக்க உட்கார்ந்து தச்சோம். புதன்கிழமை வந்து பெட்டியத் தூக்கிட்டுப் போனியே, உன் வார்டுக் குழந்தைங்க கட்டிப்பிடிச்சுத் தூங்கட்டும்னு, முப்பது பொம்மை. அதுக்குள்ள என்ன அடைச்சோம்னு நெனச்சே?