சீதன இஞ்சின்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். பரவாயில்லை, குடிக்கலாம். என் வீட்டுக்காரருக்கு இப்படிக் கொடுத்தால்தான் பிடிக்கும்.

என் பெயர் ஞானதீபம். வயது நாற்பத்தாறு. பிறந்த ஊர் புதுக்கோட்டை, திருநெல்வேலி ரோட்டில் இருக்கிறதே, அதுதான். வாழ்க்கைப்பட்டது திரேஸ்புரத்தில், வில்பிரட்டுக்கு இரண்டாம் தாரமாக. வள்ளம் கடலுக்குள் பாறைப் பாரில் மோதி இறந்துபோனார் என்று போன மாதம் இந்த ஸ்டேஷனில் நீங்கள் எழுதி முடித்தீர்களே, அதே வில்பிரட். அந்த ஃபைலை மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும். அவசரமில்லை, முதலிலிருந்தே சொல்கிறேன்.

வள்ளத்தின் பெயர் அல்போன்சா. கேட்டால் புனிதையின் பெயர் என்பார். பங்குச் சாமியாரும் அதை நம்பித்தான் மந்திரித்தார். அது அவருடைய முதல் மனைவி பெயர் என்பது கரையில் கிடக்கிற நாய்க்குக்கூடத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தவள். வள்ளத்துக்குள் இருந்த டீசல் இஞ்சின் அவளுடைய அப்பா கொடுத்த சீதனம். என் அப்பா எனக்குக் கொடுத்தது ஒரு கட்டிலும் பீரோவும். அதையெல்லாம் யார் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கப் போகிறார்கள்.

வந்த புதிதில் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. சுவரில் இருந்த அவள் படத்துக்கு நானே பூப்போட்டேன். படம் சத்தம் போடாது. இஞ்சின் போடும். தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்துச் சொல்வார்கள்: "ஏளா, அல்போன்சா வந்துட்டா. போயி மீன வாங்கு." வில்பிரட் வந்துவிட்டார் என்று ஒருத்தியும் சொன்னதில்லை. எட்டு வருடம் இதைக் கேட்டேன். சக்களத்தி மண்ணில் செய்தாலும் ஆகாது என்பார்கள். எனக்கு வாய்த்தவள் இரும்பில் செய்தவள்.

போன வருடம் இஞ்சின் புகைய ஆரம்பித்தது. ஆயிலைக் குடித்தது, இழுவை இல்லை. எனக்குச் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். கூடத் தொழிலுக்குப் போகிற செல்வின், "அண்ணே, இத இரும்புக் கடைக்குத் தள்ளிட்டு வேற ஒண்ணு மாட்டிருவோம்" என்றான். இரண்டு நாள் அவனோடு இவர் பேசவில்லை. இஞ்சினை வெளியே தூக்க வேண்டுமென்றால் மேல்தளப் பலகையை அறுக்க வேண்டும். அவள் பெயர் எழுதிய வள்ளத்தில் ரம்பம் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. வள்ளத்தை மணலில் ஏற்றிப்போட்டு, இஞ்சின் இருக்கிற குழிக்குள்ளேயே குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். மூன்று மாதம் ஆனது.

செல்வின் அந்த மூன்று மாதமும் வேறு வள்ளத்துக்குப் போய்விட்டான். மதியம் சோறு கொண்டு போன நான் கைக்கு ஆளில்லை என்று உள்ளே இறங்கினேன். எந்த போல்ட்டுக்கு எந்த நம்பர் ஸ்பேனர் என்று பத்து நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. பிஸ்டன், லைனர், ஹெட் எல்லாவற்றையும் மேலே வாங்கி மண்ணெண்ணெயில் கழுவினேன். அவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டுவார். நான் சரியான ஸ்பேனரை வைப்பேன். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்றால் அவைதான், மேடம். அதற்கு முன்னால் அவர் என் பக்கம் அப்படிக் கையை நீட்டியதில்லை.

ஒரு நாள் வால்வு அரைக்கிற வேலை. வால்வுக்கும் அது உட்கார்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு பேஸ்ட் தடவி, குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, மோர் கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். பேஸ்ட் நறநறவென்று இருக்கும், இரும்பையே தேய்க்கும். நான் உருட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு. ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அல்போன்சாவும் இப்படித்தாம்ளா உருட்டுவா. அவளுக்குக் கை இன்னும் வேகம்."

நான் நிறுத்தவில்லை. நாலு வால்வையும் முடித்துக் கொடுத்தேன். "கைய நல்லாத் தொடச்சுட்டு எந்திரி. இது ஆயில்ல கலந்துச்சுன்னா பேரிங்கு பூராவும் அரிச்சுப்புடும்" என்றார்.

"உடனேயா?" என்று கேட்டேன்.

"இல்லளா. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் நல்லாத்தான் ஓடும். பொறவு மொத்தமாப் புடிச்சுக்கிடும்."

எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லித் தருவார். நல்ல மனுஷன். பேஸ்ட் டப்பாவை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

அவருக்கு ஒரு வாய்ப்பும் கொடுத்தேன். வள்ளத்துக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும்போது வேறு பெயர் எழுதினால் என்ன என்று கேட்டேன். என் பெயர் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. "செத்தவகிட்டப் போயா போட்டி போடுத?" என்று சிரித்தார். பிறகு பழைய எழுத்தின் மேலேயே சிவப்பில் தடவினார், இன்னும் கொஞ்சம் பெரிதாக. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். வேறு நல்ல வார்த்தை இருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இஞ்சினுக்குப் புது ஆயில் ஊற்றியது நான். டப்பாவில் இருந்ததில் முக்கால்வாசியைக் கேனுக்குள் கலக்கி ஊற்றினேன். அவர் அப்போது கீழே குனிந்து தண்ணீர் பைப்புக்கு கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றைத் தெளிவாக எழுதுங்கள். அந்த இஞ்சின் சாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் சாக வேண்டும் என்று நினைத்ததே இல்லை.

ஓட்டம் பார்க்கிற அன்று காலை செல்வினும் கூடப் போவதாக இருந்தது. நான் அவனுக்குப் போன் செய்து, அண்ணனுக்கு மேலுக்குச் சரியில்லை, நாளைக்குத்தான் என்றேன். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். இவர் போனை வீட்டில் மறந்துவிட்டுப் போனார் என்று உங்களிடம் சொன்னேன், அது பொய்யில்லை. மறக்கிற இடத்தில் வைத்தவள் நான். நங்கூரக் கயிறு நமத்துப்போயிருக்கிறது என்று நங்கூரத்தோடு அவிழ்த்து வந்து முந்தின நாள் வீட்டு வாசலில் காயப்போட்டதும் நான்தான். அவர் அதைக் கவனிக்கவில்லை. செல்வினைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பொறுமை இல்லாமல் தனியாகவே கிளம்பினார். அப்படித்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும், கூட வாழ்ந்தவள் இல்லையா. அன்றைக்குக் கச்சான் காற்று, இஞ்சின் நின்ற வள்ளத்தைப் பார்ப் பக்கம் தள்ளுகிற காற்று, பலமாக இருந்தது.

சத்தம் நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லக் கூடாது. கரையில் நின்ற ஒருத்தி, "அல்போன்சா குமரியாயிட்டாளே" என்றாள். சத்தம் கேட்கிற வரைக்கும் நின்றேன். அப்புறம் வீட்டுக்கு வந்து சாளைக் குழம்புக்கு அரைத்தேன். இரண்டு பேருக்கு அரைத்தேன், மேடம். அவர் திரும்பி வருவார் என்று நான் நம்பியதற்கு அதுதான் சாட்சி.

மூன்றாம் நாள் கீழவைப்பார் பக்கம் பிணமாகக் கரை ஒதுங்கினார். செல்வின் வந்து சொன்னதும் நான் முதலில் கேட்டது, இஞ்சின் என்னாச்சு என்றுதான். "அது கடலுக்குள்ள போயிருச்சு மதினி" என்று அழுதான். நானும் அழுதேன். அழுகை நிஜம்தான். இனிமேல் அவர் எனக்கு மட்டும்தான் என்று அப்போது நினைத்தேன்.

முதல் தாரத்து மகள் ஸ்டெபி சென்னையிலிருந்து வந்தாள். தங்கமான பிள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கல்லறையத் தொறந்து அப்பாவையும் அங்கனயே வச்சிருவோம் சித்தி. அம்மா இத்தன வருசமா ஒத்தையில கெடக்கா" என்றாள். ஊரே தலையாட்டியது. நான் என்னவென்று மறுப்பது. அவள் எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி அவருக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "அல்போன்சா குடுத்துவச்சவ" என்றாள். முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது புதுக் கல் வைத்திருந்தார்கள். இரண்டு பெயரும் ஒரே வரியில் இருந்தன. அவர் பெயருக்குப் போட்டது, வள்ளத்தில் தடவினாரே, அதே சிவப்பு.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. செய்ததை நினைத்து இல்லை. அங்கே இரண்டு பேரும் ஒன்றாகக் கிடப்பதை நினைத்துத்தான். அவளிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் கை.

சாவில் சந்தேகம் இருந்தால் புதைத்தவரைத் தோண்டி எடுத்து மறுபடியும் பரிசோதனை செய்வீர்களாமே. தாசில்தாரும் வருவாராம். நான் இவ்வளவு சொன்ன பிறகு சந்தேகம் வராமல் இருக்காது. பேஸ்ட் டப்பா இந்தப் பையில் இருக்கிறது, கால்வாசி மிச்சம். நங்கூரம் இன்னும் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. செல்வினிடம் பேசியது என் போனில் இருக்கும். அவரைக் கொன்றது நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

எடுத்த பிறகு அவரைத் திரும்ப அந்தக் குழியில் மட்டும் வைக்காதீர்கள், மேடம். மனைவி என்ற முறையில் கேட்கிறேன்.