அவிப்பர் ஏன் வந்தார்கள்

எனக்கு நல்ல குரல், ஐயா. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் கோயிலில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பது நான்தான். சத்தியநேசன் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான் என்பார்கள். அந்தக் குரலுக்காகத்தான் கொம்பையா என்னைக் கூப்பிட்டான்.

பேட்டையில் அவனுக்கு லேத்துப் பட்டறை, அதை ஒட்டியே வீடு. இரும்புத் துணுக்கு தெறித்து ஒரு கண் அடியோடு போயிற்று. மற்றதில் புரை விழுந்து, பகலா இரவா என்று தெரியும், அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்து ஊரே டிவி முன்னால் கிடக்கிற இந்தக் காலத்தில், அவனுக்கு மட்டும் வாரப் பத்திரிகையில் வந்த ஒரு மாயத்தொடர் மேல்தான் உயிர்.

கதை இதுதான். மலைக்கு அப்பாலிருந்து அவிப்பர் என்றொரு கூட்டம் ஊர் ஊராக வரும். கொல்லாது, கொள்ளையடிக்காது. எரிகிற விளக்குகளை எல்லாம் அவித்துவிட்டுப் போய்விடும். ஏன் என்று மட்டும் கதை சொல்லவில்லை. வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் நான் பட்டறையில் உட்கார்ந்து வாசிப்பேன். வேலையாட்கள் கேட்பார்கள், ஊரில் இருந்தால் லாரி ஓட்டுகிற அகமது மீரானும் வருவான். வாசித்து முடித்ததும் ஊகம் தொடங்கும்.

என் ஊகம் இரக்கம். அவிப்பரைவிடக் கொடிய எதிரி ஒருவன் மேலேயிருந்து பார்க்கிறான், ஊர்கள் அவன் கண்ணில் படக்கூடாதென்றுதான் இவர்கள் விளக்கை அவிக்கிறார்கள். பழைய அத்தியாயங்களிலிருந்து ஆதாரம் காட்டி விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கொம்பையா கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“அதெல்லாம் இல்ல வே. வெளிச்சம் இருந்தா அவங்க மூஞ்சி தெரிஞ்சிரும்லா. வேற எதுக்கு அமத்துதாங்க?”

பட்டறையே சிரித்தது. அன்றையிலிருந்து தொண்டை வறள வாசிப்பது நான், வாசித்து முடித்ததும் எல்லாரும் திரும்புவது அவன் பக்கம். “கொம்பையாண்ணே, நீங்க சொல்லுங்க.” அவன் சொன்னது அடுத்த வாரமே பலிக்கும். பொறாமைதான் ஐயா, மறைப்பானேன். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறவன் நான், தெரியாதவன் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம், கதையில் வருகிற அரசி பொய் சொல்வாள் என்று ஊகம் சொல்லியிருந்தான். பத்திரிகையிலும் பொய்தான் சொல்லியிருந்தாள். நான் அவளை உண்மை சொல்ல வைத்தேன். ஒரே ஒரு வரிதான் மாற்றினேன்.

“அப்படியா போட்டிருக்கு?” என்றான்.

“அப்படித்தான் போட்டிருக்கு.”

தலையைச் சொறிந்துகொண்டான். நான் அன்றைக்கு ருசித்துச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை என் ஊகத்தின் பக்கம் சாய்ந்தது. “அண்ணாச்சி மூளையே மூளை” என்றார்கள். எனக்கு அது போதும். அங்கேயே நின்றிருக்கும்.

ஆனால் மதுரை ஆஸ்பத்திரியில் அவன் கண்ணுக்கு ஆபரேஷன் என்றார்கள். பஸ் ஏறும்போது சொன்னான்: “பார்வ மட்டும் வரட்டும் வே. மொத இதழ்லேருந்து ஒண்ணு விடாம நானே படிக்கப் போறேன்.” ஓர் இதழையும் அவன் எடைக்குப் போட்டதில்லை. பட்டறைப் பரணில் எல்லாம் அடுக்கியிருந்தது. நல்லது என்றேன்.

திரும்பி வந்ததும் சொட்டு மருந்து விட ஆள் வேண்டியிருந்தது. அவன் மனைவி பேச்சியம்மாள் பீடி சுற்றுகிறவள். “புகையிலத் தூளு அப்புன கை அண்ணாச்சி. எவ்வளவு கழுவினாலும் போவாது. நீங்களே விட்டுருங்க” என்றாள். அவள் பார்க்கவே சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.

முதலில் ஒழுங்காகத்தான் விட்டேன். ஒருநாள் என்னை உற்றுப் பார்த்து, “வெள்ளச் சட்டையா போட்டிருக்கீரு?” என்றான். பிறகு பரணைப் பார்த்தான். மேலே கிடந்த இதழ் அட்டையின் பெரிய எழுத்துகளைக் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான். அவள் அழுதாள், அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மறுநாள் குறுக்குத்துறையில் குளிக்கப் போனபோது, மடியில் கொண்டுபோயிருந்த மருந்தைக் கொட்டிவிட்டுக் குப்பியை ஆற்றில் முக்கி எடுத்தேன். விஷம் இல்லை ஐயா, தாமிரபரணித் தண்ணீர். நாமெல்லாம் அதைக் குடித்து வளர்ந்தவர்கள்தானே. எரியுது வே என்றான். மருந்தென்றால் எரியத்தான் செய்யும் என்றேன். கண் சிவந்தது, வீங்கியது, சீழ் கட்டியது. பைய ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மறுபடி மதுரைக்குக் கூட்டிப்போனபோது செய்ய ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள்.

பேச்சியம்மாள் பீடித்தட்டை ஒதுக்கி வைத்துவிட்டாள். சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். “என் கை பட்டிருக்குமோ அண்ணாச்சி?” என்று கேட்டாள். போனதைப் பேசி என்ன ஆகப்போகிறது என்றேன். ஆமாம் என்று நான் சொல்லவில்லை.

போன வாரம் தொடர் முடிந்தது. ஓர் ஊரில் ஒரு விளக்கு அணையாமல் நின்றுவிட, அவிப்பரின் முகம் தெரிந்தது. எல்லாம் அந்த ஊர்க்காரர்களின் முகம்தான். கொம்பையா சொன்னது அப்படியே பலித்திருந்தது. நான் இரக்கம் என்று வாசித்தேன். அவன் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டான்.

“நீரு சொன்னதுதான் வே சரி. நான் தோத்துட்டேன்.”

மீரான் அதே இதழை அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் படித்திருக்கிறான். நான் வாசித்த முடிவை வேலையாட்கள் சொல்லக் கேட்டு, “அப்படி ஒண்ணும் போடலையே வே” என்று என் முன்னால் வந்து நின்றான். வாசித்ததில் பொய் சொன்னவன் மருந்திலும் ஏதோ செய்திருப்பான் என்று யோசித்து நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டான். பட்டறைமேல் எனக்கு ஆசை என்கிறானாம். அது அவன் ஊகம், தப்பு.

அந்த இதழ்களைக் கொம்பையா படித்திருந்தால் என்ன ஆகியிருப்பான், யோசித்துப் பாருங்கள். இருந்த ஒரே சிநேகிதன் இப்படியா என்று நொறுங்கியிருப்பான். அந்த வேதனை அவனுக்கு வேண்டாமென்றுதான் செய்தேன். கொம்பையாவின் கண்ணை அவித்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இரக்கத்தினால் என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வியாழன் புதுத்தொடர் ஆரம்பிக்கிறதாம். பாவம், அவனுக்கு வாசிக்க வேறு ஆளில்லை.

அந்த மேசை விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள் ஐயா. நேரே என் முகத்தில் அடிக்கிறது.