நோட்ஸில் இருந்த ஒரு வரி

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் இரண்டு பெண்கள்.

“டெஸ்ட்ல அந்தக் கணக்கைத் தப்பா எழுதினவங்களுக்கு ஃபுல் மார்க். சரியா எழுதின எனக்கு முட்டை,” என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

“சார் நோட்ஸை அப்படியே எழுதியிருக்கலாம்லடி?”

“அதுல ஒரு எண்ணால வகுக்கறாரு. அது ஜீரோவா இருந்தா என்ன ஆகும்னு பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன்.”

“அவருகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். பத்து வருஷமா இதைத்தான் குடுக்கறேன், ஒருத்தரும் கேட்டதில்லைன்னாரு.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

“செமஸ்டர் பேப்பரையும் அவருதான் திருத்துவாரு. பேசாம நோட்ஸ்படி எழுதிடு.”

“எழுதறேன். அந்த வரியை எழுதி, அடிச்சுட்டு, பக்கத்துலயே ஏன் தப்புன்னும் எழுதறேன். மார்க் போடலைன்னா போகட்டும். திருத்தணும்னா அவரு அதைப் படிச்சுத்தானே ஆகணும்?”