சைவ வீட்டுப் பூனைக்குட்டியின் வயிறு

கடலுக்குப் போகத் தடையிருந்த காலம். குருநகர்ச் சந்தையில் கொஞ்ச மீனுக்குப் பெரிய வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் நெற்றி நிறையத் திருநீறு. மீன்காரியைக் கண்டதும் கத்தினார்:

"தங்கச்சி, பீ இறுகிட்டுது!"

வரிசை முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"றோட்டிலை எடுத்த பூனைக்குட்டிக்கோ அண்ணை?"

"ஓம். வயித்தாலை போய்ச் சாகக் கிடந்தது. நீ சொன்னமாதிரி பசுப்பாலை நிப்பாட்டி, மீன் அவிச்சுக் குடுத்தன். மூண்டாம் நாள் நிண்டிட்டுது."

"சைவ வீட்டிலை மீன் ஆர் அவிச்சது?"

"நான்தான். வெளியிலை வளவுக்கை கல்லு வைச்சு, பழைய பால்மா ரின்னிலை. மனிசி ரெண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை."

"இப்ப?"

"காலமை அவவே ரின்னைக் கழுவித் தந்து, 'முள்ளில்லாத மீனாப் பாத்து வாங்குங்கோ' எண்டு அனுப்பினவ."