யானை தள்ளிய சம்பந்தம்

"ஏனுங்க, தேரைப் பின்னாடி நின்னு யானை தள்ளுது. இழுக்கறதுக்கு உங்கூர்ல ஆளில்லீங்களா?"

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். கேட்டவர் பொள்ளாச்சிக்காரர், பெண்ணின் அம்மா. பக்கத்தில் நல்லேப்பிள்ளிக்காரர், பையனின் அம்மா. கேரளத்துப் பக்கம் பெண் கொடுக்கத் தயங்குகிறவருக்குத் தங்கள் ஊர்ப்பக்கத்தைக் காட்டலாமென்று பாலக்காட்டுக் கல்பாத்தித் தேருக்கு அழைத்துப் போயிருக்கிறார். இதெல்லாம் சித்தூர் வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

"முன்னாடி ஆளுக வடம் புடிச்சு இழுத்துட்டுத்தானுங்க இருந்தாங்க."

"எங்கூர்த் தேரு ஆளுக பலத்துலயே ஓடுமுங்க."

"எங்கூர்ல யானையும் ஒரு ஆளுங்க."

ஊர் வரலாறு என்று அலமாரி நிறையப் புத்தகம் அடுக்கியிருக்கும் பாலக்காட்டுக்காரனான எனக்கு இப்படி ஒரு வரி வாய்த்ததில்லை. ஆனாலும் அந்த யானையைப் பெற்றவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பொள்ளாச்சிக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"தெரு திரும்பறப்ப நெத்தியக் குடுத்து ஒரு தள்ளு தள்ளுச்சு பாருங்க. என்னையறியாமக் கும்புட்டுட்டனுங்க."

"சாமியவா, யானையவா?"

"அதக் கேக்காதீங்க."

நல்லேப்பிள்ளி வந்தது. பையனின் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நம்ம விசயமுங்க?"

"ஊட்டுல கேட்டுட்டுச் சொல்றனுங்க."

பேருந்து நகர்ந்ததும் பொள்ளாச்சிக்காரர் கணவருக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, பையனை இன்னும் நாலு பக்கம் விசாரிக்கோணும். ஆனா ஊருக்குத் தாராளமாப் பொண்ணு குடுக்கலாமுங்க."